பூனை பழிவாங்குவதில்லை

வீட்டுக்குள் பூனை வளர்க்கும் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்



பூனையைத் திருத்துவதற்கென்றே பல வீடுகளில் சில கருவிகள் தயாராக இருக்கின்றன. ஃபிரிட்ஜ் மேல் தண்ணீர் பீய்ச்சும் பாட்டில், கதவோரம் துடைப்பம், டீப்பாய் மேல் சுருட்டிய செய்தித்தாள். இவை எதுவும் இல்லாத வீட்டில் உரத்த குரல் இருக்கிறது. மெத்தையை நனைத்த பூனையை அந்த இடத்துக்கே தூக்கிப் போய் மூக்கைத் தேய்ப்பவர்களும் உண்டு. இவர்கள் யாரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். இரவில் அதே பூனையைக் காலடியில் படுக்கவைத்துக்கொள்பவர்கள். அது சாப்பிடாவிட்டால் அலுவலகத்துக்கு லீவு போடுபவர்கள். திட்டினால் திருந்தும் என்று உண்மையாகவே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை ஏன் தவறு, அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

பூனையின் மனத்தில் சூழ்ச்சியைத் தேடும் பழக்கம் நம்மிடம் மிகப் பழையது. மாமல்லபுரத்து அர்ஜுனன் தபசுப் பாறையில், ஏழாம் நூற்றாண்டிலேயே பல்லவச் சிற்பிகள் ஒரு பூனையைத் தவத்தில் நிறுத்திவிட்டார்கள். பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் அதைச் சுற்றி எலிகள். போலிச் சாமியாருக்கு ருத்திராட்சப் பூனை என்றே பெயர் வைத்திருக்கிறோம். சிற்பம் பேரழகுதான். அந்தப் பார்வையை வீட்டுக்குள் கொண்டுவரும்போதுதான் சிக்கல். 'நாலு நாள் ஊருக்குப் போய்ட்டோம்ல, அந்தக் கோபத்துல மெத்தைய நனைச்சிருக்கு' என்கிறோம். 'செய்றதையும் செஞ்சிட்டு எப்படி முழிக்குது பாரு' என்கிறோம். பூனைக்கு அச்சம் உண்டு, பதற்றம் உண்டு, எரிச்சலும் வலியும் ஆசையும் பாசமும் உண்டு. நான்கு நாள் மனத்தில் வைத்திருந்து, நம்மை வருத்துவதற்கென்று ஒரு செயலைத் திட்டமிடும் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை.

ஆய்வாளர்களே பூனையைத் தவறாகப் படித்த கதை ஒன்று இருக்கிறது. 1946-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எட்வின் கத்ரி, ஜார்ஜ் ஹார்ட்டன் என்ற இரு உளவியலாளர்கள் பூனைகளைக் கண்ணாடி முகப்புள்ள ஒரு பெட்டிக்குள் விட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஒரு கம்பம். அதைச் சாய்த்தால் கதவு திறக்கும், வெளியே உணவு கிடைக்கும். பூனைகள் கம்பத்தில் உடம்பை உரசின, கதவு திறந்தது. அடுத்த முறையும் அதே உரசல், ஏறக்குறைய அதே வளைவில். விலங்குகள் ஒரு முறை பலித்த அசைவை இயந்திரம்போலத் திரும்பச் செய்யும் என்பதற்கு இதையே சான்றாக முன்வைத்தார்கள்.

33 ஆண்டுகள் கழித்து, 1979-இல், புரூஸ் மூர், சூசன் ஸ்டட்டர்ட் என்ற இருவர் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். இம்முறை உணவும் இல்லை, திறக்கும் கதவும் இல்லை. அப்போதும் பூனைகள் கம்பத்தில் உரசின. ஆனால் எதிரே மனிதர் தெரிந்தபோது மட்டும். ஆள் மறைந்ததும் உரசலும் நின்றது. பழைய சோதனையில் ஆய்வாளர்கள் பூனையின் கண்ணில் படும்படி உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். பூனைகள் அவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தன. மனிதரின் காலில் உரச முடியாதபோது பக்கத்தில் இருக்கும் கம்பத்தில் உரசுவது பூனையின் வழக்கமான வரவேற்பு. கற்றறிந்த இரு பேராசிரியர்கள் அந்த வரவேற்பை விடுதலைக்கான தந்திரம் என்று எழுதிவைத்தார்கள். வீட்டில் நாமும் தவறாகப் படிப்பதில் வியப்பில்லை.

திட்டுவது ஏன் பலிப்பதில்லை என்பதற்கு விடை பூனையின் பூர்வீகத்தில் இருக்கிறது. நம் வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. மேற்காசியாவில் வேளாண்மை தொடங்கி, தானியக் குதிர்களும் அவற்றைத் தேடி எலிகளும் வந்தபோது அது மனிதர் அருகே வந்தது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதப் புதைகுழியை ஒட்டி ஒரு பூனையும் முழுதாகப் புதைக்கப்பட்டிருந்ததைப் பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் 2004-இல் அறிவித்தார்கள். உறவு அவ்வளவு பழையது. ஆனால் நாயின் முன்னோரான ஓநாய் கூட்டமாக வேட்டையாடியது. காட்டுப்பூனை தனியாகவே வேட்டையாடியது. கூட்டத்தில் வாழும் விலங்குக்குச் சண்டைக்குப் பிறகு சமாதானமாகும் முறைகள் தேவை. அதனால் நாய் தலையைத் தாழ்த்தும், வாலைச் சுருட்டும், வயிற்றைக் காட்டும். தனித்து வாழ்ந்த பூனையிடம் அப்படிப்பட்ட மன்னிப்புச் சைகைகள் கிட்டத்தட்ட இல்லை. எதிரே மிரட்டல் வந்தால் ஓடும், ஒளியும், உறைந்து நிற்கும், வழியே இல்லாவிட்டால் திருப்பித் தாக்கும். நீங்கள் கத்தும்போது அது பம்முவதைக் குற்ற உணர்ச்சி என்று நினைக்கிறீர்கள். அது பார்ப்பது தன்னைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு எடையுள்ள ஓர் உருவம் ஒலியெழுப்பிக்கொண்டு நெருங்குவதை.

மூக்கைத் தேய்ப்பதில் இன்னொரு பிழையும் இருக்கிறது. செயலுக்கும் விளைவுக்கும் நடுவே சில நொடிகள் போனாலே விலங்கின் கற்றலில் அந்த முடிச்சு தளர்ந்துவிடும். காலையில் நனைந்த மெத்தைக்கு மாலையில் கிடைக்கும் அடியைப் பூனை மெத்தையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. அடித்தவரோடு சேர்த்துப் பார்க்கிறது. சரியான நொடியில் தண்ணீரைப் பீய்ச்சினாலும் நிலைமை பெரிதாக மாறாது. நீங்கள் இருக்கும்போது சோபாவைக் கீறக்கூடாது என்று மட்டும் கற்றுக்கொள்ளும். நீங்கள் வெளியே போனதும் கீறும். போகட்டும், ஒரு பாடம் கற்றதே என்று ஆறுதல் கொள்வதற்கும் இல்லை. அஞ்சும் பூனை மேலும் பதற்றமாகிறது. சிறுநீர் கண்ட இடத்தில் போவதும், கடிப்பதும், நடு இரவில் கத்துவதும் பல சமயம் பதற்றத்திலிருந்தும் வருகின்றன. நோயைக் கூட்டும் மருந்தையே வேளாவேளைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பூனைக்கு யார்மேலும் பற்றில்லை, அது வீட்டைத்தான் நேசிக்கும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் விட்டால் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அறிமுகமில்லாத ஓர் அறையில் பூனைக்குட்டியும் வளர்ப்பவரும் இரண்டு நிமிடம். பிறகு குட்டி தனியாக இரண்டு நிமிடம். பிறகு வளர்ப்பவர் திரும்பி வருகிறார். மனிதக் குழந்தைகளுக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை அறியப் பயன்படும் முறையைத் தழுவிய சோதனை இது. ஏறத்தாழ 64 சதவீதக் குட்டிகள், வளர்ப்பவர் திரும்பியதும் பதற்றம் தணிந்து அறையை ஆராயப் போயின. குழந்தைகளிடம் காணப்படும் விகிதமும் கிட்டத்தட்ட இதுதான். உங்கள் பூனைக்கும் நீங்கள்தான் அடைக்கலம். அடைக்கலமே கையில் துடைப்பத்தோடு வந்தால் அது எங்கே போகும்?

இனி, அது என்ன சொல்கிறது என்பதைப் படிப்பதற்கு வருவோம். வாலை நேராக உயர்த்தி, நுனியை மட்டும் லேசாக வளைத்து வந்தால் நட்பாக வருகிறது. வாலைப் பக்கவாட்டில் வீசி அடித்தால், நாய் வாலாட்டுவதோடு அதைச் சேர்த்துப் பார்க்க வேண்டாம். அது எரிச்சல், அல்லது இரு மனம். வால் பருத்து முதுகு வளைந்தால் அச்சம். 1872-இல் உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றி எழுதிய டார்வினே இப்படி மிரண்டு நிற்கும் பூனையையும், பாசத்தோடு உரசும் பூனையையும் படமாகச் சேர்த்திருந்தார். காதுகள் முன்னோக்கி இருந்தால் ஆர்வம். பக்கவாட்டில் தட்டையாகத் திரும்பினால் மிரட்சி. தலையோடு ஒட்டிக்கொண்டால் கையை எடுத்துவிடுங்கள்.

கண் தனியாகப் பேசும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிடும் என்று நினைக்குமாம் என்று கேலி செய்கிறோம். உங்கள் எதிரே பூனை கண்ணைப் பாதி மூடி மெல்ல இமைப்பது உண்மையில் நிம்மதியின் அடையாளம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரன் மெக்கோம்பின் குழு 2020-இல் இதை ஆராய்ந்தது. வளர்ப்பவர் மெல்லக் கண்ணிமைத்தபோது பூனைகளும் கூடுதலாகத் திருப்பி இமைத்தன. முன்பின் அறியாத ஆய்வாளர் அப்படி இமைத்துவிட்டுக் கையை நீட்டியபோதும், வெறுமனே முகத்தை வைத்துக்கொண்டு நீட்டியதைவிட அதிகமாக அருகே வந்தன. இன்றே செய்து பார்க்கலாம்: முறைத்துப் பார்க்காமல், கண்ணைச் சுருக்கி, ஓரிரு நொடி மூடித் திறங்கள்.

உறுமல் சத்தத்தை மட்டும் கண்மூடி நம்ப வேண்டாம். மடியில் படுத்துக் குறுகுறுவென்று உறுமும் பூனை மகிழ்ச்சியாக இருக்கலாம். மருத்துவமனை மேசையில் வலியோடு படுத்திருக்கும் பூனையும் அதே போல உறுமும். வலியைக் கண்டறிய முகமே நல்ல வழி. கனடாவின் மான்ட்ரியால் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2019-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். காதின் நிலை, கண்ணின் இறுக்கம், மூக்கு வாய்ப் பகுதியின் விறைப்பு, மீசையின் நிலை, தலையின் உயரம் ஆகிய 5 குறிகளுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 10-இல் 4 வந்தால் வலி மருந்து தேவைப்படலாம். அந்த மருந்தை மருத்துவர்தான் தர வேண்டும். நம் வீட்டு மாத்திரை டப்பாவில் இருக்கும் பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

இப்போது சிறுநீர். பூனையை வீட்டைவிட்டு அனுப்பிவிடலாம் என்ற பேச்சு எழுவது பெரும்பாலும் இதனால்தான் என்பதால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

முதலில் மருத்துவர். மணல் தட்டைவிட்டு வேறிடத்தில் சிறுநீர் கழிக்கும் பூனைக்குச் சிறுநீர்ப்பை அழற்சி, படிகக் கற்கள், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, மூட்டுவலி என எதுவும் இருக்கலாம். 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தபோது 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. உயரமான விளிம்புள்ள தட்டில் ஏறுவதற்கு வலிக்கும் கிழப் பூனை, வாசலில் கிடக்கும் மிதியடியைத் தேர்ந்தெடுப்பதில் என்ன குற்றம்? கடுவன் பூனை அடிக்கடி தட்டுக்குப் போய், முக்கி, ஒரு சொட்டும் வராமல் திரும்பினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிறுநீர்க்குழாய் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

நோய் இல்லை என்று மருத்துவர் சொன்னால் அடுத்து வீட்டைப் பாருங்கள். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டனின் குழு 32 பூனைகளை 77 வாரங்கள் கவனித்தது. சிறுநீர்ப்பைத் தொல்லை உள்ளவை சில, நலமானவை சில. உணவு நேரம் மாறுவது, பராமரிப்பவர் மாறுவது போன்ற வழக்கம் தவறிய நாள்களில் இரு தரப்புமே சாப்பாட்டைக் குறைத்தன, வாந்தி எடுத்தன, தட்டுக்கு வெளியே போயின. 2011-இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தால், ஊருக்குப் போய் வந்த வீட்டில் மெத்தை ஏன் நனைந்தது என்பது புரியும். அது உங்களைத் தண்டிக்கவில்லை. பழகிய நேரமும் ஆளும் மாறியதைத் தாங்க முடியாமல் அதன் உடல் தடுமாறியது.

தட்டு விஷயத்தில் நம் வீடுகளில் சிக்கனம் அதிகம். இரண்டு பூனைக்கு ஒரு சின்னத் தட்டு, அதுவும் வாஷிங் மெஷின் பக்கத்தில். மெஷின் ஒரு நாள் தடதடவென்று சுழன்றால் அதோடு அந்த இடமே பிடிக்காமல் போய்விடும். மருத்துவர்கள் சொல்லும் கணக்கு: பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதல். பூனையின் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து தள்ளி, ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் இருக்க வேண்டும். தினமும் அள்ள வேண்டும். கட்டட வேலைக்கான அகலத் தொட்டியே போதும், விலையுயர்ந்த மூடிய பெட்டிகள் தேவையில்லை. நனைந்த இடத்தைக் கருப்பு பினாயில் ஊற்றிக் கழுவுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பினால் சேர்மங்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. தரையில் நடந்து, பாதத்தை நக்கினால் நஞ்சு உள்ளே போகும். சிறுநீர் நாற்றத்தைச் சிதைக்கும் என்சைம் திரவங்கள் கடைகளில் கிடைக்கின்றன.

நின்றபடியே வாலை நடுக்கிச் சுவரில் பீய்ச்சினால் அது வேறு செய்தி. இது என் எல்லை என்று எழுதுகிறது. கருத்தடை செய்யாத கடுவனிடம் இது சகஜம். அறுவைக்குப் பிறகு பெரும்பாலானவற்றில் அடங்கிவிடும். அப்போதும் தொடர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே தெருப்பூனை ஏதாவது வந்து உட்காருகிறதா என்று பாருங்கள். அந்த ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்தாலே சில வீடுகளில் வேலை முடிந்துவிடும். வெளியே இருக்கும் எதிரியை எட்ட முடியாத கோபத்தில் பக்கத்தில் நிற்பவரின் காலைக் கவ்வும் பூனைகளும் உண்டு. அந்தக் கடி உங்களுக்கானது இல்லை.

கீறுவது கெட்ட பழக்கமே இல்லை. நகத்தின் பழைய உறை கழல வேண்டும், முதுகுத் தசை நீள வேண்டும், பாதத்தின் வாசனை அந்த இடத்தில் பதிய வேண்டும். தடுக்க முடியாது, இடம் மாற்றலாம். மூன்றடி உயரக் கட்டையில் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, அசையாதபடி நிறுத்தி, சோபாவின் அந்த மூலையை ஒட்டியே வையுங்கள். வீட்டின் பின்கட்டில் ஒளித்து வைத்தால் பூனை சீண்டாது.

தடவும்போது கடிக்கும் பூனைகளைப் பற்றி நிறையக் குறை சொல்கிறோம். லண்டனின் பேட்டர்சீ விலங்குக் காப்பகத்தில் லாரன் ஃபிங்கா என்ற ஆய்வாளர் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர்களுக்குச் சிறிய பயிற்சி ஒன்று கொடுத்தார்கள். பூனையே வரட்டும் என்று கையை நீட்டிக் காத்திருப்பது, அதன் உடல்மொழியைக் கவனிப்பது, கன்னம், தாடைக்கு அடி, காதின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் மட்டும் தொடுவது. பயிற்சிக்குப் பிறகு பூனைகள் கூடுதலாக நட்புக் காட்டின, சீறலும் கடியும் குறைந்தன. திருந்தியவர்கள் மனிதர்கள், நடத்தை மாறியது பூனைகளுக்கு. வீட்டுக் குழந்தைகளுக்கு இதை முதலில் சொல்லிக்கொடுங்கள். மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுக்கட்டும். மறுபடி முட்டிக்கொண்டு வந்தால் தொடரலாம், வராவிட்டால் போதும் என்று அர்த்தம்.

விடிகாலை நான்கு மணிக்கு எழுப்பும் பூனைக்கு எழுந்து சோறு வைத்தால், நாளையும் அதே நேரத்துக்கு வரச் சொல்லி நீங்களே கூலி கொடுக்கிறீர்கள். அந்தி சந்தி வேளைகளில் சுறுசுறுப்பாவது அதன் இயல்பு. படுக்கப் போகும் முன் கயிற்றில் கட்டிய இறகையோ துணியையோ இழுத்துப் பதினைந்து நிமிடம் வேட்டையாட விடுங்கள். கடைசியில் அதைப் பிடிக்கவும் விடுங்கள். பிறகு இரவுச் சாப்பாடு. துரத்தி, பிடித்து, தின்று, தூங்குவதுதான் அதன் வரிசை. கத்தலைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடிவுசெய்தால் முதல் சில இரவுகள் சத்தம் கூடவே செய்யும். அப்போது தாங்க மாட்டாமல் எழுந்தால் இன்னும் பலமாகக் கத்தினால்தான் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும். வயதான பூனை புதிதாக இரவில் ஓலமிட ஆரம்பித்தால் மட்டும் இந்த முறை பொருந்தாது. தைராய்டு மிகைச் சுரப்பு, இரத்த அழுத்தம், மூப்பின் மறதி எதுவாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

வேண்டியதைச் செய்யும்போது பரிசு கொடுப்பதுதான் கற்பிக்கும் வழி. பூனைக்கு எதுவும் கற்பிக்க முடியாது என்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பலன் தரும் செயல் நிலைக்கும் என்ற விதியை எட்வர்ட் தார்ண்டைக் கண்டதே 1898-இல் பசித்த பூனைகளைப் பெட்டிக்குள் விட்டுச் செய்த சோதனைகளில்தான். சமையல் மேடையில் ஏறுகிறதா? பக்கத்தில் ஏற ஒரு ஸ்டூல் போடுங்கள். அதில் உட்கார்ந்த நொடியில் ஒரு துண்டு அவித்த மீன். மேடையில் கருவாட்டு வாசனை இல்லாமல் துடைப்பது உங்கள் பொறுப்பு. பூனையின் பெயரையும் காப்பாற்றுங்கள். டோக்கியோவின் சோஃபியா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அட்சுகோ சைட்டோ 2019-இல் வெளியிட்ட ஆய்வு, பூனைகள் தங்கள் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பிரித்து அறிகின்றன என்று காட்டியது. அந்தப் பெயரைக் கத்தித் திட்டவே பயன்படுத்தினால், கூப்பிடும்போது வராது.

வீட்டில் ஒருவர் மட்டும் இப்படி நடந்து மற்றவர்கள் விரட்டினால் பயனில்லை. பாட்டி, பிள்ளைகள், வேலைக்கு வரும் அக்கா எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

தீபாவளிக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. மனிதர் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலிகளையும் கேட்கும் விலங்கு அது. ஒரு வாரம் முன்பே வீட்டின் உள்ளறையில் அட்டைப்பெட்டி, பழைய போர்வை, தண்ணீர், மணல் தட்டு வைத்துப் பழக்குங்கள். அன்றைக்கு ஜன்னல்களை அடைத்து, மின்விசிறியை ஓடவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கினால் இழுத்து வெளியே எடுக்காதீர்கள்; அது தானாக வரும்வரை விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் போர்வை நனைந்திருந்தால் துவைத்துக் காயப்போடுங்கள், பூனையிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.